ஹட்டனில் அடித்த பிளெக்ஸ்: இரண்டு பேரரசுகள், 40 சதுர அடி

பத்துக்கு நான்கு அடியில் ஒரு பிளெக்ஸ். இடது பாதியில் 1914, வலது பாதியில் 1923. இரண்டு பாதியிலும் நடுவே கருங்கடல். இடது பக்கம் கடலுக்கு வடக்கே ரஷ்யப் பேரரசு, தெற்கே உதுமானியப் பேரரசு. வலது பக்கம் அந்த இரண்டு பெயர்களுமே கிடையாது. இதை ஹட்டன் டவுனில் ஒரு பிளெக்ஸ் கடையில் அடித்தேன். சதுர அடிக்கு 150 ரூபாய் வீதம் 6,000, டிசைனுக்கு 1,500. பிறகு ஒரு பிழையால் மேலும் 3,000 போனது. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. வகுப்புக்குப் பெரிய படம் வேண்டும் என்று தேடுகிற ஆசிரியர்களுக்கு, எந்தக் கடைக்குப் போனாலும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். 11ஆம் தரத்தில் ரஷ்யப் புரட்சி ஒரு பாடம், உலக மகா யுத்தங்கள் இன்னொரு பாடம். பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். ஜார் மன்னன் ஏன் விழுந்தான் என்று கேட்டால் ஐந்து காரணம் எழுதுவார்கள். அதே யுத்தத்தில், அதே கடலின் எதிர்க்கரையில், சுல்தானும் விழுந்தான் என்பது அவர்களுக்கு வேறு ஏதோ ஒரு கதை. இரண்டையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை. தமிழில் பெயர் போட்ட அப்படி ஒரு வரைபடம் நான் தேடிய எந்தக் கடையிலும் இல்லை. ஏ3 தாளில் போட்டோகொப்பி எடுத்து ஒட்டினால் மூன்றாவது வாங்குக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் படித்துவிட்டு இப்போது கொழும்பில் வேலை செய்யும் மூன்று பிள்ளைகளிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "அடிங்க டீச்சர், காசு நாங்க தர்றோம்" என்றார்கள்.

கடை மாடியில் இருக்கிறது. படியேறும்போதே மை வாசனை மூக்கைப் பிடிக்கும். சுவர் நிறைய அடித்து முடித்த பிளெக்ஸ்கள் சுருட்டியும் விரித்தும் கிடந்தன. தேர்த் திருவிழா, கிரிக்கெட் போட்டி, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். டிசைன் செய்கிற தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று. வரைபடம் என்றதும் முதலாளி முதலில் தயங்கினார். "எழுத்து நிறைய வருமே டீச்சர், பிழை வந்தா எங்க மேல வந்துடும்" என்றார். தம்பிதான் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "செய்யலாம்ணே" என்றார்.

அந்தத் தம்பியின் பொறுமைக்குத்தான் நான் இந்தக் கடையைச் சிபாரிசு செய்கிறேன். மூன்று பின்னேரங்கள் என்னைப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்காரவைத்து வேலை செய்தார். நான் 58 பெயர்களைப் போனில் டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவர்களிடம் இருப்பது பழைய கோரல்டிரோ என்ற டிசைன் மென்பொருள். அதில் யுனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே ஒரு புள்ளி வட்டம். 'கொன்ஸ்தாந்திநோபிள்' என்ற பெயர் உடைந்து கிடந்ததைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "இதெல்லாம் பாமினி ஃபொண்ட்ல அடிச்சாத்தான் சரிவரும்" என்று சொல்லிவிட்டு, 58 பெயரையும் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே திரும்ப அடித்தார். நீங்கள் போவதாக இருந்தால் பெயர்களைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். போனில் இருப்பதைப் பார்த்து அடிக்கும்போது கண் தவறிவிடும். எங்களுக்கும் ஒரு பெயர் தவறிப்போனது, அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

நிறம் அடுத்த பாடு. ரஷ்யாவுக்கு ஊதாவும் உதுமானியருக்குக் கடும் சிவப்பும் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். கணினியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தம்பி ஒரு சாண் துண்டில் மாதிரி அடித்துக் காட்டினார். ஊதா கறுத்து, சிவப்பு மங்கி, இரண்டும் ஒரே மண் நிறத்தில் வந்திருந்தன. எல்லைக்கோடே தெரியவில்லை. திரையில் தெரிகிற நிறம் வேறு, மெஷின் கக்குகிற நிறம் வேறு. மாதிரி கேட்காமல் எதையும் முழுதாக அடிக்க விடாதீர்கள். கடைசியில் ரஷ்யாவுக்குக் கரும்பச்சை, உதுமானியருக்கு மஞ்சள் என்று மாற்றினோம். கார்ஸ், அர்தஹான், பத்தூம் ஆகிய மூன்று மாகாணங்களுக்கு என்ன நிறம் என்று கேட்டார். "அது மட்டும் கை மாறிக்கொண்டே இருந்த இடம் தம்பி" என்றேன். யோசித்துவிட்டு, பச்சையும் மஞ்சளும் மாறி மாறி வரும்படி சாய்கோடு போட்டார். அது அவருடைய யோசனைதான். இன்று வகுப்பில் பிள்ளைகளின் கண் முதலில் போவது அந்தக் கோடு போட்ட துண்டுக்குத்தான்.

அதைப் போடும்போதுதான் கேட்டார்: "இதுல கடைசியா யாரு டீச்சர் ஜெயிச்சது?"

வகுப்பில் ஒரு பிள்ளையும் இத்தனை வருடத்தில் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பிளெயின்டீ வரும்வரை அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். படத்தை ஏன் அப்படி அடிக்கவேண்டி வந்தது என்பதும் அதில்தான் இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த இரண்டு அயல்வீட்டாரும் ஏறக்குறைய ஒரு டசின் தடவை மோதியிருக்கிறார்கள். ரஷ்யாவுக்கு வேண்டியிருந்தது ஒரு வாசல். வடக்கே அதன் துறைமுகங்கள் குளிர்காலத்தில் உறைந்துபோகும். தெற்கே கருங்கடலிலிருந்து வெளியே போக பொஸ்பரஸ், தார்தனெல்ஸ் என்ற இரண்டு குறுகிய நீரிணைகள்தான் வழி. அந்த வாசலின் திறப்பு சுல்தானின் மடியில் இருந்தது. 1877இல் ரஷ்யா கார்ஸைப் பிடித்தது. அடுத்த வருடம் பெர்லினில் வல்லரசுகள் கூடி கார்ஸ், அர்தஹான், பத்தூம் மூன்றையும் அதற்கே எழுதிக்கொடுத்தன. உதுமானியர் அதை மறக்கவில்லை. 1914 செப்டெம்பர் கடைசியில் தார்தனெல்ஸ் மூடப்பட்டது. ஒக்டோபர் 29இல் உதுமானியக் கொடி ஏற்றிய இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்களோடு ஒரு கப்பல்படை கருங்கடலில் போய் ஒடெசாவையும் செவஸ்தபோலையும் சுட்டது. கெட்டிக்காரத்தனமாக ஏய்க்கிறவனை நம் பெரியவர்கள் 'எம்டன்' என்பார்களே, அந்த எம்டன் கப்பல் இந்து சமுத்திரத்தில் ஓடித்திரிந்த அதே நாட்கள்தான். நவம்பர் 2இல் ரஷ்யா போர் அறிவித்தது.

முதலில் அடிபட்டது உதுமானியர்தான், அதுவும் தங்கள் கையாலேயே. போர் அமைச்சர் என்வர் பாஷாவுக்கு அப்போது 33 வயது. டிசெம்பர் கடைசியில், கார்ஸைத் திரும்பப் பிடிக்கப் போகிறேன் என்று மூன்றாவது படையைத் தானே நடத்திக்கொண்டு சரிகாமிஷ் மலைக்கு ஏறினார். நுவரெலியா 1,868 மீட்டர். சரிகாமிஷ் 2,000 மீட்டருக்கும் மேலே, மலைப்பாதைகள் அதைவிட உயரம். பலருக்குக் குளிருக்குப் போட ஒழுங்கான கோட்டு இல்லை. பீலிக்கரையில் விடிகாலையில் கை விறைத்துப்போவது என் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் இதை அவர்களுக்கு விளங்கப்படுத்துவது எனக்குச் சுலபம். சுடுபட்டுச் செத்தவர்களோடு, பனியில் உட்கார்ந்தபடியே எழும்பாமல் போனவர்கள் ஆயிரக்கணக்கில். ஜனவரி நடுப்பகுதியில் அந்தப் படை இல்லாத கணக்குத்தான்.

அப்புறம் நடந்ததை நான் வகுப்பில் மெதுவாகத்தான் சொல்வேன். எல்லையின் இரண்டு பக்கமும் ஆர்மீனியர்கள் இருந்தார்கள். தோல்விக்குப் பழி தேடியவர்கள் அவர்கள் மேல் கை காட்டினார்கள். 1915 ஏப்ரல் 24 இரவு கொன்ஸ்தாந்திநோபிளில் ஆர்மீனிய எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், தலைவர்களைப் பட்டியல் போட்டுப் பிடித்தார்கள். பிறகு ஊர் ஊராகக் கிளப்பி, சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவைத்தார்கள். வழியிலேயே கொன்றார்கள், பட்டினி போட்டார்கள். செத்தவர்கள் 6 இலட்சத்துக்கும் 15 இலட்சத்துக்கும் இடையில் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ரஷ்யாவும் அதே வருடம் தன் மேற்கு எல்லையிலிருந்த யூதர்களையும் ஜெர்மன் குடிகளையும் இலட்சக்கணக்கில் வீட்டைவிட்டு விரட்டியது. படத்தில் ஆர்மீனிய ஊர்களிலிருந்து சிரியப் பாலைவனத்திலுள்ள தெய்ர் எஸ்-ஸோருக்கு ஓர் அம்புக்குறி போடச் சொன்னேன். தம்பி என்ன நிறம் என்று கேட்கவில்லை, கறுப்பே போட்டார்.

அந்தக் கைதுகளுக்கு மறுநாள், ஏப்ரல் 25, கலிபோலியில் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கின. அடைத்த வாசலை உடைத்து ரஷ்யாவுக்கு வழி திறப்பது நோக்கம். இதில் நமக்கும் ஒரு நூல் இருக்கிறது. இந்த மலைகளில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்ட வெள்ளைக்காரத் துரைமார் ஒரு ரைபிள் படை வைத்திருந்தார்கள், இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை என்று. அதில் ஒரு பிரிவு 1914இல் கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறி, சூயஸ் கால்வாயில் காவல் நின்று, பிறகு ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைத் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் காவலராகக் கலிபோலிக்கும் போனது. "நம்ம துரைமார் சுல்தானோட சண்டை பிடிச்சாங்களா?" என்று கேட்ட பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 1916 ஜனவரியில் எல்லோரும் கலிபோலியை விட்டுப் போய்விட்டார்கள். வாசல் மூடியபடியே இருந்தது.

மூடிய வாசல்தான் ரஷ்யாவை அரித்தது. கோதுமை விளைகிற நாடு, ஆனால் தெற்கு வழியாக அதை வெளியே விற்க முடியவில்லை, ஆயுதத்தை உள்ளே கொண்டுவர முடியவில்லை. இருந்த ரயில் பாதைகள் படைக்கே போதவில்லை. தலைநகர் பெத்ரோகிராட்டில் பாண் இல்லை. சண்டைக்களத்தில் ரஷ்யப் படை 1916இல் ரிசே, எர்சுரும், திரப்சோன் என்று ஊர் ஊராக உதுமானியரிடம் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. வெற்றிச் செய்தி வந்த அதே நகரத்தில் பெண்கள் பாணுக்கு வரிசையில் நின்றார்கள். 1917 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, அந்த வரிசைகள் ஊர்வலமாக மாறின. ஒரு வாரத்தில், மார்ச் 15இல், ஜார் முடி துறந்தார். 2022இல் சமையல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அம்மாவோடு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு இதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

இங்கே ஒரு பத்திரக் கதையும் உண்டு. 1915 மார்ச்சில் பிரிட்டனும் ஏப்ரலில் பிரான்சும் ரஷ்யாவோடு இரகசியமாக ஒத்துக்கொண்டிருந்தன, வென்றால் கொன்ஸ்தாந்திநோபிளும் நீரிணைகளும் ரஷ்யாவுக்கு என்று. நூற்றாண்டுக் கனவு அது. 1917 நவம்பரில் லெனினின் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்ததும் அலுமாரியைத் திறந்து அந்த இரகசியப் பத்திரங்களையே பகிரங்கமாக வெளியிட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டை எழுதி வாங்கியவரின் வீடே அதற்குள் இடிந்துபோயிருந்தது.

"அப்ப துருக்கிதான் ஜெயிச்சது" என்றார் தம்பி. அந்த நேரத்தில் என்வர் பாஷாவும் அப்படித்தான் நினைத்தார். 1918 மார்ச் 3, பிரெஸ்ட்-லிதோவ்ஸ்க் உடன்படிக்கை. கார்ஸ், அர்தஹான், பத்தூம் மூன்றையும் ரஷ்யா கைவிட்டது. நாற்பது வருடக் கோபம் தீர்ந்தது. அதோடு நின்றிருக்கலாம். எதிரியின் கூரை விழுந்து கிடக்கிறது, உள்ளே காஸ்பியன் கடலோரப் பாகூவில் எண்ணெய் இருக்கிறது. படையைக் கிழக்கே அனுப்பினார்கள். அதே நேரம் தெற்கே பலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் படை முன்னேறிக்கொண்டிருந்தது. காஸாவில் 1917 மார்ச்சிலும் ஏப்ரலிலும் இரண்டு தடவை தடுத்துப் பார்த்தார்கள், நவம்பரில் அதுவும் போயிருந்தது. 1918 செப்டெம்பர் 15இல் உதுமானியப் படை பாகூவுக்குள் நுழைந்தது. செப்டெம்பர் 19இல் மெகிடோவில் அவர்களுடைய பலஸ்தீன முனை உடைந்தது. ஒக்டோபர் 1இல் டமஸ்கஸ் போனது. ஒக்டோபர் 30இல் முத்ரோஸ் துறைமுகத்தில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிச் சரணடையக் கையெழுத்து வைத்தார்கள்.

பாகூவுக்கும் மெகிடோவுக்கும் பக்கத்தில் அந்தத் திகதிகளைப் பெரிதாகப் போடச் சொன்னேன். 15.09.1918, 19.09.1918. தம்பி இரண்டையும் அடித்துவிட்டு, விரலை விட்டு எண்ணிப் பார்த்தார். "நாலு நாள்தானே டீச்சர்" என்றார்.

ஆமாம், நாலு நாள். ஜார் குடும்பத்தை அதே வருடம் ஜூலை 17இல் யெகாதெரின்பர்க்கில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கடைசிச் சுல்தான் 1922 நவம்பர் 17இல் பிரிட்டிஷ் கப்பலேறிப் போனார். ரஷ்யா துருக்கியைப் பிடிக்கவில்லை, துருக்கி ரஷ்யாவைப் பிடிக்கவில்லை. ஒருவர் மற்றவரின் வாசலை அடைத்தும், ஒருவர் மற்றவரின் படையைக் கரைத்தும், இரண்டு பேருமே விழுந்தார்கள். அதற்குப் பிறகும் கார்ஸ் சும்மா இருக்கவில்லை. 1918 ஏப்ரலில் உதுமானியர், 1919இல் ஆர்மீனியக் குடியரசு, 1920 ஒக்டோபரில் அங்காராவிலிருந்த முஸ்தபா கெமாலின் புதிய துருக்கி அரசின் படை. 1921 ஒப்பந்தங்களில்தான் கார்ஸும் அர்தஹானும் துருக்கிக்கு, பத்தூம் சோவியத்துக்கு என்று முடிவானது.

சரி, கடைக்கு வருகிறேன்.

பிளெக்ஸ் எடுக்கப் போனபோது சுருட்டி, கயிறு கட்டி, தயாராக வைத்திருந்தார்கள். நான்கு அடி உயரச் சுருளை பொகவந்தலாவை பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தேன். வகுப்பில் விரித்ததும் 10ஆம் தரத்து மாணவன் ஒருவன், "டீச்சர், காஸா ரெண்டு இருக்கு" என்றான். ஒன்று பலஸ்தீனத்தில், கடலோரமாக, சரியான இடத்தில். இன்னொன்று அந்தப் பச்சை மஞ்சள் சாய்கோட்டுக்கு நடுவில். கார்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் காஸா. கார்ஸ் என்ற பெயரை இந்த வேலைக்கு முன் தம்பி கேட்டிருக்கவில்லை. காஸா என்ற பெயரை எல்லோரும் செய்தியில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நான்தான் பிழையாக அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்து, நல்ல மனதோடு திருத்திவிட்டார். படம் முழுவதும் எதைச் சுற்றி வரைந்ததோ, அந்த ஒரே ஊரின் பெயர் போய்விட்டது.

முதலாளி சொன்னது, "டீச்சர் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் அடிச்சோம்." நான் பார்த்தது முந்திய நாள் பிரதி. பெயரை மாற்றிய பிரதியை எனக்கு அனுப்பவில்லை. வாட்ஸ்அப்பைத் திறந்து நேரத்தைக் காட்டினேன். அவர் குரலை உயர்த்தவில்லை, நானும் உயர்த்தவில்லை. ஆனால் அரை மணித்தியாலம் போனது. கடைசியில் பாதிப் பணத்துக்குத் திரும்ப அடித்துத் தந்தார்கள். அது முழுதாகக் கடையின் பொறுப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன், 3,000 ரூபாய் என் கையிலிருந்து போனது. கடைசிப் பிரதியை அடிக்கிற அன்றே, கடையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்துச் சரி பாருங்கள். இரண்டாவது தடவை அப்படித்தான் செய்தோம். தம்பி வாசிக்க நான் தாளில் குறி போட்டேன். அந்தப் பிழைக்காக அவர் மிகவும் வருத்தப்பட்டார். நான் கேட்காமலேயே படத்தின் ஓரத்துக்கு நல்ல ரீப்பர் பலகை அடித்து, ஆறு வளையமும் போட்டுத் தந்தார். காசு வாங்கவில்லை.

பிளெக்ஸ் தரத்தைப் பற்றிச் சொல்வதானால், மாட்டி ஐந்து மாதம் ஆகிறது, நிறம் மங்கவில்லை. எங்கள் வகுப்பு அரைச்சுவர், மிஸ்ட் நேராக உள்ளே வரும். காலையில் படம் வேர்த்துப்போய் இருக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும், எழுத்து உரியவில்லை. ஒரே குறை, பளபளப்பு. பின்னேரத்தில் ஜன்னல் பக்க வெளிச்சம் பட்டால் 1914 பாதி கண்ணைக் கூசும், கடைசி வாங்கில் இருக்கிறவர்களுக்கு உதுமானியப் பேரரசே தெரியாது. பளபளப்பில்லாத ரகம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். மடிக்கவே மடிக்காதீர்கள், மடிப்புக் கோடு போகாது.

வலது பாதியில், அதாவது 1923 பக்கத்தில், பிள்ளைகள் அதிகம் நிற்பது இரண்டு இடங்களில். ஒன்று, பத்தூமும் ரிசேயும். தம்பியிடம் தோட்ட விழா பிளெக்ஸ்களுக்கு வைத்திருந்த இரண்டு இலை ஒரு மொட்டுப் படம் இருந்தது. அதைச் சின்னதாக்கி அந்த இரண்டு ஊருக்கும் போட்டோம். பத்தூமுக்குப் பக்கத்தில் ரஷ்யர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தேயிலை போட்டிருந்தார்கள். ரிசே பக்கத்து ஆட்கள் பத்தூமுக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள். யுத்தம் முடிந்து எல்லை இறுகியதும் பிழைப்பு போனது. பத்தூமிலிருந்து விதை கொண்டுவந்து தங்கள் மலையில் தேயிலை போடத் தொடங்கினார்கள். ரிசேயின் முதல் தேயிலைத் தொழிற்சாலை 1947இல் வந்தது. "அங்கயும் கொழுந்து எடுக்கிறாங்களா?" என்ற கேள்வியோடு அந்தப் பாடம் அன்று ஒரு பாடவேளைக்கு மேல் ஓடியது.

இன்னொன்று, ஏஜியன் கடலுக்குக் குறுக்கே எதிரெதிராக ஓடும் இரண்டு அம்புகள். 1923இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் துருக்கியும் கிரேக்கமும் சனங்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. இந்தச் சமயமா, அந்தப் பக்கம் போ. அந்தச் சமயமா, இந்தப் பக்கம் வா. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்கர்களும் ஏறக்குறைய நான்கு இலட்சம் முஸ்லிம்களும் அதில் அகப்பட்டார்கள். இதைச் சொல்லும்போது வகுப்பில் சத்தம் இருக்காது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, குடியுரிமை இல்லாத மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று கணக்கெழுதியதில் இந்தப் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிகள் இருக்கிறார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறிப்போன அக்காவைப் பற்றி என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்மீனியருக்கு நடந்தது வேறு, அது கொலை. அதை இதோடு சேர்க்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆனால் அந்த ஏஜியன் அம்புகளை அவர்கள் விரலால் தொட்டுப் பார்க்கும்போது நான் தடுப்பதில்லை.

கடைக்கு நான் திரும்பப் போவேன். அடுத்ததாக ஒஸ்ரியா-ஹங்கேரிக்கு ஒரு படம் வேண்டும், அதே தம்பி இருந்தால்தான் கொடுப்பேன். தேர்த் திருவிழாக் காலத்திலும் ஓ.எல். பரீட்சை முடிந்து கிரிக்கெட் போட்டிகள் தொடங்கும் காலத்திலும் போகாதீர்கள். மெஷினுக்கு ஓய்வே இருக்காது, உங்களோடு உட்கார யாருக்கும் நேரம் இராது. வார நாளில் மத்தியானத்துக்குப் பிறகு போவது நல்லது.

பிழையாக அடித்த முதல் பிளெக்ஸை முதலாளி திருப்பிக் கேட்கவில்லை. வகுப்பு மூலையில் சுருட்டி வைத்திருந்தேன். இரண்டு காஸாவைக் கண்டுபிடித்த மாணவன் ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு வந்து நின்றான். "அது வேணாம்னா எனக்குத் தாங்க டீச்சர். எங்க லயத்துல தகரம் ஓட்டை, அம்மா படுக்கிற பக்கம் ஒழுகுது." கொடுத்தேன். அடுத்த மழை வந்து போன பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒழுகவில்லை என்றான். படம் வீணாகக்கூடாது என்று, அச்சடித்த பக்கம் உள்ளே பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறானாம். படுத்தால் தலைக்கு நேரே கருங்கடல் தெரியுமாம். "அந்தக் காஸாவை மார்க்கரால வெட்டிட்டேன் டீச்சர். கதிரை மேல ஏறி நின்னு கார்ஸ்னு எழுதிட்டேன்" என்றான்.